சீர்கெட்ட நகரமும் தானாய் முளைத்த செடிகளும்

'டிஸ்டோப்பியா' எனப்படும் இலக்கிய வகையைச் சுட்ட இக்கால அரபித் திறனாய்வாளர்கள் இரண்டு சொற்களைக் கையாள்கின்றனர். அச்சொல்லையே அரபி எழுத்தில் பெயர்த்து 'தீஸ்தூபியா' என எழுதுவோர் ஒரு சாரார். 'அல்மதீனத்துல் ஃபாஸிதா', அதாவது சீர்கெட்ட நகரம், என எழுதுவோர் மற்றொரு சாரார். இரண்டாவது சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் அரபி கற்றவர்க்கு அபூ நஸ்ர் அல்ஃபாராபியின் நினைவு எழாமல் இராது. ஹிஜ்ரி 339இல் (கி.பி. 950) டமாஸ்கஸில் மறைந்த அப்பேரறிஞர், 'அல்மதீனத்துல் ஃபாளிலா' எனும் நன்னகரைப் பற்றி எழுதிய நூலில், அதற்கு மாறான நகரங்களையும் வகை வகையாகப் பிரித்துக் காட்டியுள்ளார். உண்பதும் பருகுவதும் கேளிக்கையும் விளையாட்டுமே வாழ்வென்று கொண்ட இழிநகரம் ஒன்று. பிறரை அடக்கி வெல்வதில் கிடைக்கும் களிப்பையே நாடும் ஆதிக்க நகரம், 'மதீனத்துத் தகல்லுப்', மற்றொன்று. இன்னும் சில உள.

இவ்வகைப்பாட்டில் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஒரு நகரம் எதனால் கெட்டது என்னும் வினாவுக்கு, ஆள்பவனின் கொடுமையால் என்று அல்ஃபாராபி விடை கூறவில்லை. அந்நகரத்தார் எதை இன்பமென்று நம்பி வாழ்கின்றனரோ அதைக் கொண்டே நகரத்துக்குப் பெயரிடுகிறார். ஆள்பவனும் அந்த நம்பிக்கைக்குப் பொருந்தியவனாகவே அமைகிறான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இந்த அளவுகோலை, இன்று உலகெங்கும் பதின்வயதினர் விரும்பிப் படிக்கும் சீர்கெட்ட நகரப் புதினங்களின்மீது வைத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியதன் விளைவே இக்கட்டுரை. ஐம்பதைக் கடந்த அரபி ஆசிரியனுக்கு இப்புத்தகங்களில் என்ன வேலை என்று நண்பர் ஒருவர் கேட்டார். நம் வீட்டுப் பிள்ளைகள் தலையணைக்கு அடியில் வைத்திருப்பதை நாமும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பதில் தவறேதுமில்லை என்றேன்.

இவ்வகையில் முன்னோடியாகக் கொள்ளத்தக்கது, அமெரிக்க எழுத்தாளர் லோயிஸ் லோரி 1993இல் வெளியிட்ட 'தி கிவர்' என்னும் சிறிய புதினம். அடுத்த ஆண்டு அமெரிக்கச் சிறார் இலக்கியத்தின் உயர்ந்த பரிசான நியூபெரி பதக்கம் அதற்குக் கிடைத்தது. அதன் ஊரில் பசியில்லை, போரில்லை, சண்டையில்லை, நிறங்களுமில்லை, நினைவுகளுமில்லை. எல்லாரும் ஒரே சீராக வாழ வேண்டும் என்று முன்னோர் ஒரு காலத்தில் முடிவெடுத்துவிட்டனர். பன்னிரண்டு வயதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தொழில் ஒதுக்கப்படுகிறது. சிறுவன் ஜோனாஸுக்கு, ஊரார் துறந்துவிட்ட பழைய நினைவுகளையெல்லாம் ஒருவராகச் சுமக்கும் பணி கிட்டுகிறது. அவனுடைய தந்தை பச்சிளங் குழந்தைகளைப் பேணும் பணியாளர். கனிந்த மனம் உடையவர். இரட்டைக் குழந்தைகளுள் எடை குறைந்ததை 'விடுவிக்கும்' கடமை அவருக்கு வருகிறது. கொஞ்சும் குரலில் பேசிக்கொண்டே அக்குழந்தையின் தலை நரம்பில் ஊசி மருந்தைச் செலுத்திக் கொல்கிறார். ஜோனாஸ் அதைப் பதிவுக் காட்சியில் காண்கிறான்.

இப்புதினத்தில் கொடுங்கோலன் எவனுமில்லை. சவுக்கில்லை, சிறையில்லை. மாலையில் வீடு திரும்பி மகனிடம் அன்று நடந்தவற்றைக் கேட்டறியும் நல்ல தந்தையே கொலையாளி. தாம் செய்தது கொலை என்பதும் அவருக்குத் தெரியாது. நோவற்ற வாழ்வே இன்பம் என்று ஊர் நம்பியதன் விலை அந்தக் குழந்தை. அல்ஃபாராபியின் அளவுகோலுக்கு இதைவிடப் பொருத்தமான சான்றை அண்மைக்காலச் சிறார் இலக்கியத்தில் நான் கண்டதில்லை. இவ்வகையின் வாசலிலேயே இத்தகைய நூல் நின்றிருக்க, பின்வந்தவர்கள் பலர் அதைத் தாண்டிச் சென்று அரண்மனையில் அமர்ந்த ஒரு கொடியவனைத் தேடியது ஏனோ தெரியவில்லை.

சூஸன் காலின்ஸ் 2008இல் வெளியிட்ட 'தி ஹங்கர் கேம்ஸ்' இவ்வகையை உலகெங்கும் கொண்டு சென்றது. 2009இல் 'கேட்சிங் ஃபயர்', 2010இல் 'மாக்கிங்ஜே' என மூன்று பகுதிகளாக விரிந்தது. ஒருநாள் இரவு தொலைக்காட்சி அலைவரிசைகளை மாற்றிக்கொண்டிருந்தபோது, ஒன்றில் இளையோர் போட்டியிடும் நிகழ்ச்சியும் மற்றொன்றில் ஈராக் போர்க் காட்சிகளும் மாறி மாறித் தெரிந்து, இரண்டும் மனத்தில் ஒன்றாகக் கலந்ததிலிருந்தே கதை பிறந்தது என்று காலின்ஸ் கூறியுள்ளார். இக்கூற்றை மனத்தில் இருத்திப் படித்தால் நூலின் உள்நோக்கு விளங்கும். பானெம் என்னும் அந்நாட்டின் பெயரே 'ரொட்டி' என்று பொருள்படும் இலத்தீன் சொல். ரொட்டியும் களரி விளையாட்டும் கொடுத்தால் மக்கள் அடங்கிக் கிடப்பர் என்ற பழைய ரோமானிய ஏளனத்திலிருந்து எடுத்தது. தலைநகரமாகிய கேபிட்டல், பன்னிரண்டு மாவட்டங்களை அடக்கியாள்கிறது. முன்னர் அவை கிளர்ந்தெழுந்ததற்குத் தண்டனையாக, ஆண்டுதோறும் மாவட்டத்துக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக, 12 முதல் 18 வயது வரையுள்ள 24 பிள்ளைகள் களத்தில் விடப்பட்டு, ஒருவர் எஞ்சும் வரை ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். நாடே அதைத் தொலைக்காட்சியில் கண்டாக வேண்டும்.

கொலைக் களத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். என்னை நிறுத்தியது அதற்கு முன்வரும் ஒரு கணக்கு. பன்னிரண்டு வயதில் பிள்ளையின் பெயர் குலுக்கல் கலத்தில் ஒருமுறை இடப்படுகிறது. ஆண்டுக்கு ஒன்றாகக் கூடிப் பதினெட்டில் ஏழாகிறது. இதுவரை எல்லாருக்கும் பொது. ஆனால் வறியவர் பிள்ளை, தன் பெயரைக் கூடுதலாக ஒருமுறை இடச் சம்மதித்தால், ஓராளுக்கு ஓராண்டுக்கான சொற்பத் தானியமும் எண்ணெயும் கிடைக்கும். வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்காகவும் அவ்வாறு இடலாம். கதைத் தலைவி காட்னிஸ் தனக்கும் தாய்க்கும் தங்கைக்குமாக ஆண்டுதோறும் மூன்று சீட்டுகள் கூட்டியதால், பதினாறு வயதில் அவள் பெயர் இருபது முறை கலத்தில் கிடக்கிறது. அவள் தோழன் கேல் என்பவனின் பெயர் 42 முறை. குலுக்கல் என்ற சொல்லுக்குள் நடுநிலை என்ற பொய் ஒளிந்திருப்பதையும், பசி எவ்வாறு மரணத்தோடு தவணைக் கணக்கு வைத்துக்கொள்கிறது என்பதையும் ஒரு பதின்வயது வாசகனுக்கு இரண்டு பக்கங்களில் விளங்க வைப்பது எளிய செயலன்று. இத்தனைக்கும் பிறகு, ஒரே சீட்டு மட்டும் இடப்பட்ட தங்கை பிரிம் பெயரே எடுக்கப்படுகிறது.

காட்னிஸ் என்பது ஒரு தாவரத்தின் பெயர். நீர்நிலைகளில் தானாக வளர்ந்து உண்ணத்தக்க கிழங்கு தருவது. தங்கையின் பெயர் ஒரு மலர்ச் செடியின் பெயர். களத்தில் அவள் தோழியாகும் சிறுமி ரூவின் பெயரும் ஒரு செடியின் பெயரே. இதைப் படித்தபோது ஸரகோஸாவில் பிறந்த இப்னு பாஜ்ஜாவை (மறைவு ஹி. 533) நினைத்துக்கொண்டேன். 'நவாபித்' என்றால் விதைப்பாரின்றித் தானாய் முளைத்தவை. நன்னகரில் அடங்காது நிற்பவரைக் கோதுமை வயலில் முளைத்த களைகளுக்கு ஒப்பிட்டு அல்ஃபாராபி அச்சொல்லை ஆண்டார். இப்னு பாஜ்ஜாவோ 'தத்பீருல் முதவஹ்ஹித்' என்னும் நூலில் அதைத் தலைகீழாக்கினார். குறையுள்ள நகரத்தில், ஊரார் எவரும் கொண்டிராத உண்மையை உள்ளத்தில் தாங்கித் தனித்து நிற்பவரே அவருக்கு 'நவாபித்'. காட்னிஸ் புரட்சிக்காரியாகப் பிறக்கவில்லை. நூல் படித்துத் தெளிந்தவளும் அல்லள். வேலிக்கு வெளியே உணவு தேடி வளர்ந்ததால் வேலிக்குள் இருப்பவர்களின் பொய் அவளுக்கு ஒட்டவில்லை. காலின்ஸ் இப்னு பாஜ்ஜாவைப் படித்தார் என்று நான் சொல்ல வரவில்லை. இவ்விருவர்க்கும் ஒரே உவமை கைவந்தது என்பதே எனக்கு உவப்பாக இருக்கிறது.

இந்நூலின் வெற்றியைத் தொடர்ந்து வந்தவற்றுள் வெரோனிக்கா ராத்தின் 'டைவர்ஜென்ட்' (2011) பெரும்புகழ் பெற்றது. சிகாகோ நகரம் குணத்தின் அடிப்படையில் ஐந்து குழுக்களாகப் பிரிந்துள்ளது. எதிலும் அடங்காத சிறுமி ஒருத்தி தலைவி. வாசகப் பிள்ளை ஒவ்வொன்றும் 'நானும் எதிலும் அடங்காதவன்' என்று மகிழ்ந்துகொள்ள வசதியான ஏற்பாடு. 2013இல் வெளிவந்த மூன்றாம் பகுதியில், அந்த அடங்காமைக்குக் காரணம் அவளுடைய மரபணுத் தூய்மை என்று தெரியவருகிறது. தூயவர், பழுதுற்றவர் என்ற பிரிவினை தவறென்று கதைமாந்தரைக் கொண்டு ஆசிரியர் வாதிடச் செய்கிறார், உண்மை. ஆயினும் கதையின் அடித்தளம் அவ்வாதத்துக்கு இடங்கொடுப்பதாக இல்லை. தானாய் முளைத்த செடியை எடுத்து, உயர்குல விதை என்று பெயர்ச் சீட்டு ஒட்டிவிட்டார். இதற்குமேல் அந்நூலைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஹங்கர் கேம்ஸின் வாசகர்கள் அதை எவ்வாறு ஏற்றனர் என்பது, நூலைப் போன்றே ஆராயத்தக்கது. 2012இல் அது திரைப்படமானபோது, ரூ என்னும் சிறுமியாகக் கறுப்பினப் பெண் ஒருவர் நடித்தது கண்டு அமெரிக்க ரசிகர் சிலர் டுவிட்டரில் வெளிப்படையாகச் சினந்தனர். ரூவின் தோலும் கண்களும் கரும்பழுப்பு நிறம் என்று புதினத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அவளுடைய சாவுக்காகப் படிக்கும்போது கண்ணீர் விட்டவர்கள், அவளைக் கண்முன் கண்டதும் அக்கண்ணீரைத் திரும்பக் கேட்டனர். கேபிட்டல் நகரத்தாரும் இப்படித்தான். தமக்குப் பிடித்த போட்டியாளருக்காக உண்மையாகவே அழுவர், அழுதபடியே அடுத்த ஆண்டின் போட்டிக்குக் காத்திருப்பர். 2013இல் இரண்டாம் படம் வந்தபோது 'கவர்கேர்ள்' என்னும் அமெரிக்க ஒப்பனைப்பொருள் நிறுவனம், கேபிட்டல் நகரத்தாரின் பகட்டு அலங்காரத்தைப் பெயராகக் கொண்டே தன் பொருள்களை விற்றது. புதினத்தின் விருந்துக் காட்சியில், தின்றதை வாந்தியெடுத்துவிட்டு மேலும் தின்பதற்கென்றே அம்மக்கள் ஒரு பானம் பருகுகின்றனர். அவர்களுடைய கண் மையை வாங்கிப் பூசிக்கொள்ள நம் காலத்தவர்க்கு எத்தயக்கமும் இருக்கவில்லை. அல்ஃபாராபியின் இழிநகரம், விளையாட்டையும் கேளிக்கையையும் முதன்மையாகக் கொண்ட அந்நகரம், புத்தகத்தின் பின்னட்டையோடு முடிந்துவிடுவதில்லை.

இதற்கு நேர்மாறான ஏற்பும் உண்டு. 12ஆம் மாவட்டத்தில் மூன்று விரல்களை உதட்டில் வைத்து உயர்த்துவது, அன்புக்குரியவரைப் பிரியும்போது, குறிப்பாகச் சவ அடக்கத்தின்போது செய்யப்படும் பழைய வழக்கம். 2014 மே மாதத்தில் தாய்லாந்தில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, இளைஞர்கள் தெருவில் மூன்று விரல்களை உயர்த்தினர், அதற்காகக் கைதாயினர். 2020இல் அந்நாட்டு மாணவர் போராட்டங்களில் அது மீண்டும் எழுந்தது. 2021 பிப்ரவரியில் மியன்மார் இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்ததும் யாங்கோன் தெருக்களை நிறைத்தது. அம்மாத இறுதியில் ஐ.நா. பொதுச்சபையில் அந்நாட்டின் தூதர் தம் உரையின் முடிவில் மூன்று விரல்களை உயர்த்தி நின்றார். பதின்வயதினர் நூலிலிருந்து ஓர் அசைவு இவ்வளவு தொலைவு நடந்ததுண்டா என்பது ஐயமே. போராட்டச் சின்னமாகப் பரவிய அது, தன் பிறப்பிடத்தில் இறந்தவர்க்கான விடையளிப்பாக இருந்தது என்பதையும் மறக்கலாகாது. மியன்மாரில் விரல் உயர்த்திய பலரின் உடல்களுக்கு அருகே, அது அந்தப் பழைய பொருளுக்கே திரும்பியது.

மூன்றாம் பகுதியான 'மாக்கிங்ஜே' வாசகர்களைப் பிளவுபடுத்திற்று. போரும் பிணங்களும் மிகுந்த நூல், முதல் பகுதியின் விறுவிறுப்பு இதில் இல்லை என்றனர். என் கணிப்பில் மூன்றனுள் சிறந்தது இதுவே. கிளர்ச்சியாளரின் இருப்பிடமான 13ஆம் மாவட்டத்தில் நீதி குடிகொண்டிருக்கும் என்று எண்ணி வாசகன் நுழைகிறான். அங்கே காட்னிஸின் பழைய ஒப்பனையாளர் மூவர், ரொட்டித் துண்டு ஒன்றை எடுத்த குற்றத்தைத் தொட்டு, சுவரில் சங்கிலியால் பிணைக்கப்பட்டுக் கிடக்கின்றனர். கொடுங்கோன்மை அரியணையில் மட்டும் அமர்ந்திருப்பதன்று, காவலனிலும் ஏவலனிலும் தெருக்கூட்டுபவனிலும் அது கிளைத்திருக்கும் என்று 'தபாயிஉல் இஸ்திப்தாத்' நூலில் அப்துர் ரஹ்மான் அல்கவாகிபீ (மறைவு 1902) எழுதியதை, ஒரு ரொட்டித் துண்டைக் கொண்டு காலின்ஸ் கதையாக்கியிருக்கிறார்.

வெற்றிக்குப் பிறகு கிளர்ச்சித் தலைவி காயின், முந்தைய போட்டிகளில் வென்று உயிர் பிழைத்த எழுவரைக் கூட்டி ஒரு வாக்கெடுப்பு நடத்துகிறாள். கேபிட்டல் நகரத்தின் பிள்ளைகளைக் கொண்டு இறுதியாக ஒருமுறை அதே விளையாட்டை நடத்தலாமா? பீட்டா, ஆனி, பீட்டி ஆகிய மூவர் மறுக்கின்றனர். ஜொஹானாவும் எனொபேரியாவும் ஒப்புகின்றனர். குண்டுவீச்சில் தங்கையை இழந்த காட்னிஸ், தங்கையின் பெயரால் ஒப்புகிறாள். அவளைத் தொடர்ந்து ஹேமிச்சும் ஒப்ப, நான்குக்கு மூன்று என்று முடிவாகிறது. பின்னர், பழைய அதிபர் ஸ்னோவைக் கொல்ல வேண்டிய அம்பைக் காயின்மேல் எய்கிறாள் காட்னிஸ்.

வாசகர்கள் இன்றும் இந்த 'ஆம்' பற்றி வழக்காடுகின்றனர். காயினின் நம்பிக்கையைப் பெற்று நெருங்கிக் கொல்வதற்காகவே அவள் அவ்வாறு கூறினாள், அது ஒரு தந்திரம் என்பது பெரும்பாலோரின் கட்சி. மூலத்தில் அதற்கு இடமிருக்கிறது, மறுக்கவில்லை. ஆயினும் தலைவியின் கைகள் கறைபடாமல் இருக்க வேண்டும் என்னும் வாசக விருப்பமே இந்த விளக்கத்துக்கு வலுவூட்டுகிறது என நினைக்கிறேன். அந்த ஒரு நொடியில் அவள் மெய்யாகவே ஒப்பினாள் என்று கொண்டால்தான் அம்பு திரும்பியதற்குப் பொருள் கனக்கிறது. ஒடுக்கப்பட்டவர், ஒடுக்கியவரின் இன்பத்தைத் தம் இன்பமாகக் கொள்ளும் கணத்தில் ஆதிக்க நகரம் மறுபடி கால்கொள்கிறது. அதன் வாயிலில் தன்னையே கண்டவள் எய்த அம்பு அது. தந்திரம் என்று கொண்டால் எஞ்சுவது சாமர்த்தியமான ஒரு கொலை மட்டுமே.

இனி, காலின்ஸின் முதல் நூல் வந்த அதே 2008ஆம் ஆண்டில் எகிப்தில் வெளிவந்த ஓர் அரபிப் புதினத்தைப் பார்ப்போம். தன்தா நகரத்தைச் சேர்ந்த மருத்துவரான அஹ்மத் காலித் தவ்ஃபீக் (1962-2018), 1993 முதல் எழுதிய 'மா வராஅத் தபீஆ' என்னும் சட்டைப்பை அளவுக் கதைத்தொடரால் ஒரு தலைமுறை அரபு இளைஞரைப் படிக்கப் பழக்கியவர். அவருடைய 'யூதூபியா' பதின்வயதினர்க்கென்று முத்திரை குத்தி வெளியானதன்று. எனினும் அவர் கதைகளைப் படித்து வளர்ந்த அந்த இளைஞரே அதன் முதல் வாசகர். கதை நிகழும் காலமாக அவர் வைத்தது 2023. செல்வர் அனைவரும் வடகடற்கரையில் மதிலெழுப்பி, அமெரிக்கக் கடற்படை வீரராயிருந்தோரைக் காவலுக்கு வைத்து, 'யூதூபியா'வுக்குள் ஒதுங்கிவிட்டனர். வெளியே எஞ்சிய எகிப்தியரெல்லாம் 'மற்றவர்கள்'. போதையும் காமமும் சலித்துப்போன செல்வ இளைஞன் ஒருவன், தன் தோழியுடன் மதிலுக்கு வெளியே சென்று, மற்றவர்களில் ஒருவனை வேட்டையாடி, அவன் கையை வெட்டி நினைவுப் பொருளாகக் கொண்டுவரப் புறப்படுகிறான்.

மதிலுக்கு வெளியே மாட்டிக்கொண்ட இருவரையும் ஜாபிர் என்னும் ஏழை காப்பாற்றித் தன் குடிலில் ஒளித்து வைக்கிறான். அவ்விளைஞன் ஜாபிரின் நோயுற்ற தங்கை ஸஃபிய்யாவைக் கெடுக்கிறான். தன்னை மதிலுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வந்த ஜாபிரைக் கொன்று, தேடி வந்த கையை வெட்டி எடுத்துக்கொள்கிறான். கதை வேட்டைக்காரன் வாயாகவும் வேட்டைப்பொருளின் வாயாகவும் மாறி மாறிச் சொல்லப்படுகிறது. இதுவே தவ்ஃபீக்கின் துணிவு. அமெரிக்கப் புதினங்களில் வாசகன் எப்போதும் இரையின் பக்கத்தில், தூய்மையின் பக்கத்தில் இருத்தப்படுகிறான். தவ்ஃபீக்கோ முதல் பக்கத்திலேயே வாசகனை வேட்டைக்காரனின் மூளைக்குள் தள்ளிவிடுகிறார். அங்கே வசதியான மூலை எதுவுமில்லை. மேலும், இருவருமே படிப்பாளிகள். குப்பைக்கு நடுவில் ஜாபிர் நூல்களைத் தேடிப் படிக்கிறான். மதிலுக்குள் அவ்விளைஞனும் நிறையப் படிக்கிறான். படிப்பு ஒருவனை இரக்கத்துக்குக் கொண்டு சென்றது, மற்றவனுக்குச் சலிப்பு மருந்தாயிற்று. ஒரு தலைமுறையை வாசிப்பின்பால் திருப்பிய எழுத்தாளரே இதை எழுதினார் என்பது கசப்பான நேர்மை. நூலகப் பொறுப்பையும் உடன் சுமக்கும் என் போன்ற ஆசிரியர்க்கு அப்பகுதி எளிதில் செரிப்பதன்று.

கலைநயத்தில் 'யூதூபியா' குறையற்றதன்று. இளைஞனின் தோழி நிழலாகவே நிற்கிறாள். ஸஃபிய்யாவின் துயரம் கதையின் தேவைக்காக நிகழ்கிறதேயன்றி அவளுக்கென ஒரு குரல் இல்லை. வெறுப்பூட்டும் செய்திகளை அடுக்குவதில் ஆசிரியர்க்கு அளவுணர்வு தவறிவிடுகிறது. காலின்ஸிடம் இருக்கும் சிக்கனம் இவரிடம் இல்லை. ஆனால் கேடு எங்கே குடியிருக்கிறது என்னும் வினாவில் இவர் இம்மியும் தடுமாறவில்லை. யூதூபியாவில் வெல்ல வேண்டிய அதிபர் எவருமில்லை. அங்குள்ளோரின் சலிப்பே அங்கு அரசு செய்கிறது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துக் காலின்ஸும் அப்பக்கம் வந்து சேர்ந்தார். 2020இல் வெளியான 'தி பாலட் ஆஃப் சாங்பேர்ட்ஸ் அண்ட் ஸ்னேக்ஸ்', பிற்காலத்துக் கொடுங்கோலன் ஸ்னோவின் பதினெட்டு வயதைச் சொல்கிறது. கொடியவனுக்கு எதற்கு வரலாறு என்று பழைய வாசகர் பலர் முகஞ்சுளித்தனர். அவர்கள் பொறுத்துப் படித்திருக்க வேண்டிய நூல் அது. போர்க்காலத்தில் பட்டினி கிடந்த, குடும்பப் பெருமையைத் தவிர ஏதுமற்ற இளைஞன் ஸ்னோ. அப்போது விளையாட்டுகள் தொடங்கிப் பத்தே ஆண்டுகள். களத்தில் விடப்படும் பிள்ளைகள் விலங்குக் காட்சிசாலையின் குரங்குக் கூண்டில் அடைக்கப்படுகின்றனர். நகரத்தார்க்கும் அதைப் பார்ப்பதில் நாட்டமில்லை. மக்களைப் பார்க்க வைக்கும் வழியை ஸ்னோதான் கண்டு சொல்கிறான். அவர்கள் போட்டியாளர்மீது பந்தயம் கட்டட்டும், விரும்பியவர்க்கு உணவு அனுப்பட்டும். பசித்திருந்தவன் கண்டுபிடித்த உத்தி, பிறர் பசியைக் கேளிக்கையாக்கியது. அவனுடன் பயிலும் செஜானஸ், களத்தில் இறந்து கிடக்கும் தன் ஊர்த் தோழன்மீது, மறுமைப் பயணத்துக்கு உணவாக ரொட்டித் துகள்களைத் தூவுகிறான். தொடர் முழுவதிலும் சமயச் சடங்கு என்று சொல்லத்தக்கது அநேகமாக இது ஒன்றே. அந்தச் செஜானஸைக் காட்டிக்கொடுத்துத் தூக்குமரத்துக்கு அனுப்புபவனும் ஸ்னோவே. மகனைப் பறிகொடுத்த பெற்றோர், நடந்தது அறியாமல், அவனையே தம் செல்வத்துக்கு வாரிசாக்குகின்றனர்.